அந்தக் கடலுக்கு அலை இல்லை

நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் என் புருஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு பெண் வந்து சொன்னால், கேட்கிறவர்கள் ஒன்று சிரிப்பார்கள், இல்லை குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சிரித்தார்கள். சாருலதாவின் துப்பறியும் ஆபீசில் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுத்தவன் வெள்ளைத்துரை. அந்த ஆபீசில் தண்ணீர் கொடுப்பது, பைக் ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, அகப்பட்டால் உதை வாங்குவது எல்லாம் அவன் இலாகா. வாயடிப்பது மட்டும் சம்பளத்தில் சேராது, அது அவனாக விரும்பிச் செய்வது.

வந்தவள் பெயர் மலையம்மாள். திருவாதவூர்ப் பக்கம். நடவு, களையெடுப்பு என்று கிடைத்த கூலிக்குப் போகிறவள். புருஷன் சின்னக்கருப்பன் கல்குவாரியில் பாறையைத் துளைக்கும் மிஷினைப் பிடித்தே நரைத்தவன். குவாரியை மூடிய பிறகு கூப்பிட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன், "கல்லடுக்குற வேலை, பொழுது சாய வந்துருவேன்" என்று சொல்லிப் போனான். வரவில்லை. நேற்று டீக்கடையில் போண்டா சுற்றிக் கொடுத்த பேப்பரில் அவன் முகம் இருந்தது.

எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பேப்பரைச் சாருலதா மேஜையில் விரித்தாள். கல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும் ஒருவன். தலையில் துண்டு, வெற்றுடம்பு. 'கடற்சுவர்க் கூலி. கடல் அரிப்பைத் தடுக்க 1870-களில் சுவர் கட்டியபோது எடுத்த அரிய படம். மதுரையில் கண்காட்சி.'

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்றாள் சாருலதா.

"பச்சை எங்கன்னு கேட்டாங்க. அவரு தோளுக்குக் கீழ எம்பேரப் பச்ச குத்தியிருப்பாரு தாயி. படத்துல ரெண்டு பக்கமும் வெறுமனே இருக்கு. அதான், இது எவனோ ஒருத்தன், உன் ஆளு எவ கூடவோ போயிட்டான்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பச்சை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. முகத்தத் தெரியாதா?"

தம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். வெள்ளைத்துரை அதையே பார்ப்பதைக் கவனித்து, கொஞ்சம் வெட்கப்பட்டுக் கீழே வைத்தாள்.

"அவரு இப்பிடித்தான் பிடிப்பாரு தம்பி. பாத்துப் பாத்து எனக்கும் ஒட்டிக்கிருச்சு. மிஷினு பிடிச்சதுல ரெண்டு கையும் எந்நேரமும் வெடவெடன்னு ஆடும். தூக்கத்துலகூட விரலு துடிச்சுக்கிட்டே கெடக்கும். அது நின்னா முடி எறக்குறேன்னு பாண்டி கோயில்ல வேண்டியிருக்கேன்."

பிறகு அவள் சாருலதாவை நேராகப் பார்த்தாள்.

"அவரு இருக்காரா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க தாயி. தெனமும் விடிஞ்சா கண்ணாடி முன்னால நின்னு, பொட்டு வைக்கிறதா வேணாமான்னு தெரியாம குங்குமச் சிமிழக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வெள்ளைத்துரை ஏதோ தமாஷ் சொல்ல வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

*

அழகர்கோவில் ரோட்டில் விஸ்வநாத்தின் பங்களா. தாத்தா ஹாலாஸ்யம் சேர்த்த பழைய புகைப்படங்களைப் பேரன் கூடத்தில் வைத்திருந்தார். கறுப்புத் துணியின்மேல் கண்ணாடித் தகடுகள். விஸ்வநாத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கதர் ஜிப்பா, விரல் நுனிகளில் மட்டும் மருந்துக் கறுப்பு. இருவரையும் ரசிகர்கள் என்று நினைத்துக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனார்.

"நல்ல வேளை இன்னைக்கு வந்தீங்க. சாயந்திரம் பேக்கிங். நாளைக்கு எல்லாம் ஃபாரின் மியூசியத்துக்குப் போகுது."

தகடுகளில் கடலும் சுவரும். மைல் கணக்கில் கல். தொப்பி போட்ட இன்ஜினீயர்கள் பெரிதாக, தெளிவாக நின்றார்கள். கல் சுமந்தவர்கள் தூரத்தில், சுவரின்மேல், எறும்பளவில். வெள்ளைத்துரை மூக்கைக் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி குனிந்தும் ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

"ஏன் சார், சுவரு கட்டுனவன எல்லாம் இம்புட்டுத் தள்ளி நிக்க வச்சிருக்காங்க?"

"அவங்க எடுத்தது சுவரைத்தான். சுவர் எவ்வளவு உயரம்னு காட்ட ஆளை நிறுத்துவாங்க. ஒரு ஸ்கேல் மாதிரி." விஸ்வநாத்தின் குரல் உண்மையிலேயே வருத்தப்பட்டது. "மியூசியத்துல அதைத்தான் கேட்டாங்க. இதைக் கட்டினவனுக்கு ஒரு முகம் இல்லையான்னு. தேடித் தேடி, கடைசியில தாத்தாவோட பெட்டியில ரெண்டு தகடு கிடைச்சுது."

அந்த இரண்டும் தனிச் சுவரில் இருந்தன. ஒன்றில் சின்னக்கருப்பன் மாதிரியே ஒருவன் தலையில் கல்லோடு நின்றான். கல்லைப் பிடித்த கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ. இன்னொன்று பேப்பரில் வந்த படம். ஆனால் பேப்பரில் வெட்டிவிட்ட காலும் மடியில் கிடந்த கைகளும் இதில் முழுசாக இருந்தன.

"கை ஏன் புகையா இருக்கு?" என்று சாருலதா முதல் படத்தைக் காட்டினாள்.

"அந்தக் காலத்துல ஆறு விநாடி அசையாம நிக்கணும். அசைஞ்சது கலைஞ்சிரும். பாவம், கனம்ல, கை ஆடிருக்கு."

"கடல்ல அலையே இல்லையே சார். லீவா?" என்றான் வெள்ளைத்துரை.

விஸ்வநாத் சிரித்தார். "அதே காரணம்தான் தம்பி. ஆறு விநாடி அலையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பால் மாதிரி ஆயிரும்."

சாருலதா பழைய தகடுகளிடம் திரும்பிப் போனாள். அவற்றில் சுவரின் அடியில் பனி மூட்டம் போல் நுரை படர்ந்திருந்தது. பிறகு இந்த இரண்டுக்கும் வந்தாள். இங்கே மூட்டம் இல்லை. அடிக்கல் ஒவ்வொன்றும் தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது.

பின்கட்டைப் பார்த்து, "அங்க என்ன கூட்டம்?" என்றாள்.

"வந்தவங்களை அந்தக் கால முறையிலேயே படம் எடுத்துத் தர்றோம். கெமிக்கலை நானே கலக்குறேன். தமிழ்நாட்டுல இதைச் செய்யறவங்க ரொம்பக் கொஞ்சம்." பெருமை அவர் முகத்தில் பவுடர் மாதிரி அப்பியிருந்தது.

"வெள்ளை, போய் உக்காரு."

"நானா?"

"நீதான் அந்தக் காலத்து ஆளு மாதிரி இருக்க."

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், வேட்டி கொடுத்தார்கள், செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் கவட்டையை முட்டுக் கொடுத்தார்கள். விஸ்வநாத் சின்னக் கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, இருட்டறைக்கும் கேமராவுக்குமாக ஓடினார்.

"இதுக்கு ஏன் சார் இப்பிடி ஓடுறீங்க? நான் எங்கயும் போயிற மாட்டேன்."

"தகட்டுல ஊத்திட்டா நிறுத்த முடியாது தம்பி. ஈரம் காயறதுக்குள்ள எடுத்தாகணும். என்ன ஆனாலும் சரி." அவர் லென்ஸ் மூடியைத் திறந்தார். "அசையாதீங்க."

ஆறு விநாடி பேசாமல் இருப்பது வெள்ளைத்துரைக்கு ஆறு வருஷம். கொஞ்ச நேரத்தில் தகடு மருந்துக் குளியலில் கிடக்க, அவன் உருவம் மெதுவாக மேலே வந்தது. கன்னங்கரேல் என்று இருந்தான். வெயிலில் அலைந்த கறுப்பெல்லாம் இரண்டு பங்காகத் தெரிந்தது. கண் சிமிட்டியதால் முழி கலங்கியிருந்தது. அவன் தன் புஜத்தைத் தேடினான்.

"பிரியம்வதாவக் காணோம்."

"யாரைக் காணோம்?" என்றார் விஸ்வநாத்.

"சித்திரைத் திருவிழால, வைகைக் கரையில பச்சை குத்துனேன் சார். இந்தா பாருங்க." நிஜப் புஜத்தில் பச்சை எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. "அவ வேற ஒருத்தனக் கட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் போயி நாலு வருஷமாச்சு. பேராவது கூட இருக்கும்னு பாத்தேன். அதுவும் போயிருச்சே."

"அது போகத்தான் செய்யும். இந்த மருந்துக்கு நீலமும் பச்சையும் கண் தெரியாது. தோலோட தோலாக் கலந்து..."

விஸ்வநாத் பாதியில் நிறுத்தினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. சாருலதா அவரைப் பார்க்காமல், இன்னும் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன மேடம்," என்றான் வெள்ளைத்துரை, "எங்காலுல எவன் நாமம் போட்டது?"

இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல் இடுக்கிலிருந்து கிளம்பி இரண்டாகப் பிரிந்து ஓடும் வெளுத்த கோடு. அவன் குனிந்து நிஜப் பாதத்தைப் பார்த்தான். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. வருஷக்கணக்காக ரப்பர் செருப்பு போட்டு, வார் மறைத்த இடம் மட்டும் வெயில் படாமல் இருந்தது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்ததை மருந்து கோலம் போட்டுக் காட்டியிருந்தது.

சாருலதா அந்த ஈரத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். கடற்சுவர்க் கூலியின் பாதத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தாள். இரண்டு கால்களிலும் அதே நாமம், அதே அளவு.

"கூலியாளு காலுக்குச் செருப்பே இல்லாத காலம் சார் அது. இந்த ரப்பர் செருப்பு அவனுக்கு எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்றாள்.

விஸ்வநாத் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சின்னக்கருப்பன் எங்கே?"

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." ஒரு விநாடி யோசித்தார். பிறகு பேச்சு தாராளமாக வந்தது. "போலிதான். ஒத்துக்கறேன். அவங்க முகம் கேட்டாங்க, நான் ஒரு முகத்தை உண்டாக்கினேன். திருவாதவூர்ப் பக்கம் மூடிக் கிடக்கிற குவாரியில, தண்ணி நிக்கிற பள்ளத்துக்கு ஓரமாக் கல்லை அடுக்கச் சொல்லி எடுத்தேன். கடைசிப் படம் எடுக்கறப்ப நல்லாத்தான் சாஞ்சு உக்காந்திருந்தான். நீங்களே பாக்கறீங்கள்ல. அப்புறம் பஸ் ஏறிக்கறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான். மோசடிக்குக் கேஸ் போடணும்னா போடுங்க. நான் எங்கே வேணா வந்து சொல்றேன்."

வெள்ளைத்துரைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்படியானால் ஆள் உயிரோடுதான் புறப்பட்டிருக்கிறான். ஸ்டேஷனில் சொன்னபடி எவளோடோ போயிருப்பானோ. அந்தப் பெண்ணிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது.

"ரொம்பச் சீக்கிரம் ஒத்துக்கிட்டாரு, பாத்தியா?" என்று வாசலில் சாருலதா கேட்டாள். "நாம கேக்காத கேஸை அவரே எழுதித் தர்றாரு." அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

*

குவாரி வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே பாறையைச் செங்குத்தாக வெட்டிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். காற்று இருந்தும் தண்ணீர் அசையவில்லை. அத்தனை ஆழத்தில் கிடந்தது. இறங்கிப் போனால் தண்ணீரை ஒட்டி அடுக்கிய கல், பாதி சரிந்து கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் அது கடற்கரையாக இருந்திருக்கிறது.

விஸ்வநாத்தை ஜீப்பில் கூட்டி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு வெயில் பிடிக்கவில்லை. "மேடம், மோசடின்னு எழுதியாச்சு. ஆளு உசுரோட போயிருக்கான். இனி இங்க என்ன?"

மலையம்மாள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் தள்ளியே நின்றாள். மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பஸ் ஏறப் போனவர் எந்தப் பக்கத்துப் பஸ் என்று சொன்னாரா என்று. வெள்ளைத்துரை தெரியவில்லை என்றான்.

"சார்," என்று சாருலதா விஸ்வநாத்திடம் போனாள். "முதல் படம் கல்லு சுமக்கறது. ரெண்டாவது சாஞ்சிருக்கறது. ரெண்டும் ஒரே நாள், ஒரே கேமரா. ரெண்டுக்கும் ஆறு விநாடிதானா?"

"ஆமா."

"முதல் படத்துல கை புகையாப் போயிருக்கு. கனம்னு சொன்னீங்க."

"ஆமா."

"கனத்தால இல்ல சார். அந்தக் கை எப்பவும் ஆடுற கை." அவள் போனில் எடுத்து வைத்திருந்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். மடியில் கிடந்த கைகள் திரை முழுக்க வந்தன. நகம் தெரிந்தது. நகத்தில் இருந்த வெடிப்பு தெரிந்தது. விரல் கணுவில் சுருக்கங்களை எண்ணலாம் போல அத்தனை தெளிவு. "இதுல ஏன் ஆடல?"

காலையிலிருந்து வெள்ளைத்துரை அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பான். காலைப் பார்த்தான், புஜத்தைப் பார்த்தான். மடியில் கிடந்த கையைப் பார்க்கவே இல்லை.

"ரெஸ்ட் எடுத்துட்டு இருந்தான்," என்றார் விஸ்வநாத். "கொஞ்சம் தூங்கியிருக்கலாம்."

"தூக்கத்துலயும் ஆடும்," என்றாள் மலையம்மாள்.

தள்ளி நின்றவள் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. வீட்டு விஷயம் ஒன்றை வெளி ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவரு துண்டையும் இப்பிடிக் காத மூடிக் கட்ட மாட்டாரு. யாரு கட்டிவிட்டது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் போனை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விஸ்வநாத்தை ஏறிட்டபோது ஸ்டேஷனில் சிரித்த சிரிப்பு அவரிடம் இல்லை.

"சொல்லுங்க சார்."

விஸ்வநாத் கல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுக்கு சரிஞ்சிருச்சு," என்றார். "அடியில நின்னான். ஒரு கல்லு காதுக்குப் பக்கத்துல. நான் ஓடிப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா எல்லாம் வெளியில வந்துரும்னு பயம்."

"அது சரி. படம்?"

விஸ்வநாத் தன் விரல் நுனிகளின் கறுப்பைத் தேய்த்தார்.

"தகட்டுல ஊத்தியிருந்தேன்," என்றார்.

வெள்ளைத்துரைக்கு அந்தப் பின்கட்டு ஞாபகம் வந்தது. ஈரம் காய்வதற்குள் எடுத்தாக வேண்டும், என்ன ஆனாலும் சரி. அந்த மனிதர் அன்று இறந்தவனைத் தூக்கிச் சாய்த்து, காயத்தின்மேல் துண்டைக் கட்டி, கையை மடியில் வைத்து, ஓடிப் போய் மூடியைத் திறந்திருக்கிறார். அசையாதே என்று சொல்ல வேண்டிய வேலைகூட இல்லாமல். அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து அந்தத் தண்ணீரில் அமுக்க வேண்டும் போல வெள்ளைத்துரைக்கு வெறி வந்தது. சாருலதா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

விஸ்வநாத் கையை நீட்டிக் காட்டினார். அலையில்லாத பச்சைத் தண்ணீர். கல்லைக் கட்டி இறக்கியதாகச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட, இன்னொருவர் விஸ்வநாத்தை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்.

மலையம்மாள் அழவில்லை. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த போனைக் கேட்டு வாங்கினாள். படத்தில் இருந்த விரல்களை ஒரு விரலால் தடவினாள். தடவியதில் திரை நகர்ந்து கை ஓரமாகப் போனது. அவள் பதறியபோது வெள்ளைத்துரை அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நின்னுருச்சு," என்றாள் அவள்.

"முப்பது வருசம் இந்தக் கை ஆடாம நான் பாத்ததில்ல தாயி. நின்னா முடி எறக்குறேன்னு பாண்டி கோயில்ல வேண்டியிருக்கேன்ல?" அவள் நெற்றியில் காலையில் வைத்த பொட்டு வேர்வையில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்காமல் சாருலதாவை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க. இப்ப நான் எறக்கணுமா?"

சாருலதா அவளைப் பிடித்துச் சரிந்த கல்லொன்றில் உட்கார வைத்தாள். வெள்ளைத்துரை தன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின்மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.